பூஜையில் இருந்த பூட்டு

'கவனக்குறைவு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. வேலை செய்யும் இடத்தில் ஒருவன் மின்சாரம் தாக்கிச் செத்தால், ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் இந்தச் சொல் வந்துவிடும். செத்தவன் எழுந்து வந்து மறுப்புச் சொல்லப் போவதில்லை. அதனால் எல்லாருக்கும் வசதியாகப் போய்விட்டது.

பாபநாசம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் தலைமை எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது என் இடத்தில் ரமேஷ் இருக்கிறான். ஆயுத பூஜை நெருங்கும் நேரத்தில் அவன் போன் செய்தான்.

"அண்ணே, ஆலையில பாதுகாப்புக் கூட்டம் வைக்கிறாங்க. உங்க அனுபவத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும்னு முதலாளி கேக்குறாரு. வர முடியுங்களா?"

"வர்றேன். இப்பல்லாம் மோட்டார்ல வேலைன்னா எப்படிப் பாக்குறீங்க? பூட்டு போடுறீங்களா?"

"பூட்டா? அதெல்லாம் எதுக்குண்ணே. வாட்ஸ்அப்ல குரூப் இருக்கு. 'எலிவேட்டர் ஆஃப், வேலை நடக்குது'ன்னு போட்டா எல்லாரும் பாத்துட்டுக் கட்டைவிரல் போட்டுருவாங்க."

கட்டைவிரலாம்! நெட்வொர்க் கிடைக்காத பாய்லர் மூலையில் நிற்பவனுக்கும், போனைச் சட்டையோடு கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மூட்டை தூக்குபவனுக்கும் அந்தக் கட்டைவிரல் எப்படித் தெரியும்? வாயில் வந்ததைச் சொல்லித் திட்டினேன். அவன் என்னைச் சமாதானப்படுத்த நினைத்து, கூட்டத்துக்காகத் தயார் செய்து மாட்டியிருக்கும் பேனரைப் படம் எடுத்து அனுப்பினான்.

அதில் செல்வத்தின் முகம் இருந்தது. என்னோடு வயர்மேனாக வேலை பார்த்த செல்வம். கீழே பெரிய எழுத்தில் 'கவனக்குறைவால் உயிரிழந்தார். இந்த நிலை உங்களுக்கும் வர வேண்டுமா?' என்று அச்சடித்திருந்தார்கள்.

"இதை எங்கடா மாட்டியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"சாக்குத் தைக்கிற ஷெட்டுக்குப் போற வழியிலதாண்ணே. எல்லார் கண்ணுலயும் படணும்னு மேனேஜர் சார்தான் சொன்னாரு."

அந்த ஷெட்டில்தான் செல்வத்தின் மனைவி மலர்க்கொடி சாக்குத் தைக்கிறாள். அவன் இறந்த பிறகு ஆலை அவளுக்குக் கொடுத்த வேலை அது. காலையில் உள்ளே போகும்போதும் மாலையில் வெளியே வரும்போதும் அவள் அந்த எழுத்துக்குக் கீழேதான் நடக்க வேண்டும். 

நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அந்த ஆலையில் சேர்ந்தபோது எங்களுக்குத் தலைவராக இருந்தவர் ஷாஜகான் பாய். சொந்த ஊர் குடவாசல் பக்கம். குவைத்தில் பல வருஷம் எண்ணெய்க் கம்பெனியில் மின்வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து செண்ட்டும் போர்வையும் கொண்டு வருவார்கள். பாய் ஒரு பெட்டி நிறையச் சிவப்புப் பூட்டு கொண்டு வந்திருந்தார். ஆலை முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பாய் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அதுதான் பயமாக இருக்கும். ஒரு மோட்டாரைப் பிரிக்கப் போகிறோம் என்று சொன்னால், "சாவி யாருகிட்ட?" என்று கேட்பார். "பிரேக்கரை ஆஃப் பண்ணிட்டேன் பாய்" என்று பதில் சொன்னால் மறுபடியும் அதே குரலில், அதே வேகத்தில், "சாவி யாருகிட்ட?" என்பார். சரியான பதில் வரும்வரை வேறு வார்த்தை பேச மாட்டார். வெற்றிலை போடுகிறவர்போல நிதானமாகத் தாடையை மட்டும் அசைத்துக்கொண்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அவர் வைத்த முறை இதுதான். பேனல் அறைக்குப் போய் அந்த மோட்டாருக்கு மின்சாரம் தரும் பிரேக்கரை இறக்க வேண்டும். யார் மோட்டாரில் கை வைக்கப் போகிறானோ அவனே தன் பூட்டைப் பிரேக்கரில் மாட்ட வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. சாவியை அவனவன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்ள வேண்டும். சட்டைப் பை கூடாது, சட்டையை எவனாவது கழற்றி மாட்டுவான். மாற்றுச் சாவி என்று ஒன்று கிடையவே கிடையாது. பூட்டுகளோடு வந்த மாற்றுச் சாவிகளை எல்லாம் பாய் எங்கள் கண் முன்னால் சம்மட்டியால் நசுக்கி வாய்க்காலில் போட்டார்.

பூட்டியதும் வேலையைத் தொடங்கிவிட முடியாது. மின்சாரம் உள்ள இடம் ஒன்றில் முதலில் டெஸ்டரை வைத்து, அது எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மோட்டாரில் வைத்து, அங்கே எரியவில்லை என்று பார்க்க வேண்டும். அதோடு விடாமல் மறுபடி மின்சாரம் உள்ள இடத்துக்கே போய் வைக்க வேண்டும். நடுவில் டெஸ்டரே செத்திருந்தால் என்ன செய்வது? கடைசியாக ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்து, ஓடவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஸ்பேனரைத் தொடலாம். வேலை முடிந்தால் பூட்டியவனே வந்து திறக்க வேண்டும். அவன் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தாலும் ஆள் அனுப்பித்தான் கூட்டி வர வேண்டும்.

ஒரு குறுவை அறுவடையின்போது அது நடந்தே விட்டது. விடாத மழை. ஈர நெல் களத்தில் மலைபோலக் குவிந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. உலர்த்தும் எந்திரத்தின் மோட்டாரைச் சரி செய்து முடித்த பழனி, பூட்டைத் திறக்காமலே டீ குடிக்கப் போய்விட்டான். பெரிய முதலாளியே பேனல் அறைக்கு வந்துவிட்டார்.

"என்ன பாய் இது? நெல்லு முளைச்சிட்டிருக்கு. பூட்டை உடைச்சுப் போடுங்க."

"ஆளைக் கூப்பிட அனுப்பியிருக்கேன் முதலாளி."

"வேலைதான் முடிஞ்சிருச்சே?"

"முடிஞ்சிருச்சுன்னு நாம நெனைக்கிறோம். அவன் இன்னும் சொல்லல."

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் நின்றார். பழனி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் ஓடி வந்து, இடுப்பைத் தடவிச் சாவியை எடுத்துத் திறக்கும்வரை ஆலைக்குச் சொந்தக்காரர் அவனுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அன்றைக்குப் பிறகு எங்களில் ஒருவரும் பூட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்தப் பெரிய முதலாளி கோபக்காரர்தான். ஆனால் நிற்கத் தெரிந்தவர். அதற்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன்.

ஆயுத பூஜை என்றால் அரிசி ஆலையில் தீபாவளியைவிடப் பெரிது. முதல் நாளே எந்திரங்களை எல்லாம் கழுவுவார்கள். பிறகு சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, மாலை. ஸ்பேனர், சுத்தியல், எடைக்கல், சாக்கு ஊசி எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை செய்து, அதன் பிறகுதான் கருவிகளைக் கையில் எடுப்போம். அதுவரைக்கும் அவற்றுக்கு ஓய்வு. நல்ல பழக்கம்தான். வருஷம் முழுக்க நமக்காகத் தேய்கிற இரும்புக்கு ஒரு நாள் ஓய்வு கொடுப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

பாய் வருஷா வருஷம் பூஜைக்குப் பொரியும் கடலையும் சாப்பிட முதல் ஆளாக வந்து நிற்பார். ஓட்டைப் பூட்டு ஒன்றைத் துடைத்து எடுத்து வந்து, "சாமிக்கு எங்க பக்கத்துலேருந்து இது. மத்ததெல்லாம் வேலைக்கு வேணும்" என்று வைத்துவிட்டுப் போவார். விஜயதசமி அன்று யாரும் பட்டனைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு மோட்டாராக நடந்து பார்த்துவிட்டு வந்து, "ஆள் யாரும் இல்ல, போடலாம்" என்பார். அதைச் சொன்ன பிறகுதான் சூடம் கொளுத்துவார்கள். அவர் ஓய்வு பெற்றதும் அந்தச் சுற்று என் பொறுப்புக்கு வந்தது. பெரிய முதலாளி இருந்தவரை யாரும் அதில் கை வைக்கவில்லை.

அவர் மகன் பொறுப்புக்கு வந்ததும் புது மேனேஜர் வந்தார். பக்திமான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு ஆலையில் ஒவ்வொன்றும் தொல்லை. ஈரக் காற்றில் கசிவு ஏற்பட்டு மின்சாரத்தைத் தானே நிறுத்துகிற கருவி இருக்கிறதே, அது தொல்லை. "சும்மா சும்மா டிரிப் ஆகுது, கழட்டிப் போடுங்க" என்பார். உயிரைக் காப்பாற்றத்தான் சார் அது விழுகிறது என்றால், "அதுவும் விழுது, லோடும் நிக்குது" என்பார். நெல் லாரி திரும்ப இடைஞ்சலாக இருக்கிறதென்று, மின்கசிவை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் குழியின் மேல் சிமெண்ட் பூசச் சொன்னார். நான் கடப்பாறையால் அதைப் பெயர்த்து எடுத்தேன். இரண்டு பேரும் பேசிக்கொள்வதை நிறுத்திக்கொண்டோம்.

அந்த வருஷம் பூஜைக்கு எல்லாப் பூட்டும் வந்தாக வேண்டும் என்றார் அவர். "ஒண்ணே ஒண்ணு, அதுவும் ஓட்டைப் பூட்டை வைக்கிறது சாமிக்கே பொறுக்காது. பூட்டும் ஆயுதம்தானே?" முதலாளி தலையாட்டினார். நான் முடியாது என்றேன். பேச்சு வளர்ந்தது. "அன்னைக்கு ஒரு மோட்டாரும் ஓடாது, ஒருத்தனும் வேலை பாக்க மாட்டான். அப்புறம் உங்களுக்கு எதுக்குய்யா பூட்டு?" என்று முதலாளி கேட்டதும் மற்றவர்கள் எல்லாம் அவர் பக்கம் போய்விட்டார்கள். பூட்டுகளைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போய் எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனப் பொட்டு இட்டுச் சாமி முன்னால் அடுக்கினார்கள்.

எந்திரம் கழுவ வந்த ஆட்கள் குழாயைப் பிடித்து அடித்ததில், நெல்லை மேலே ஏற்றுகிற எலிவேட்டரின் மோட்டாருக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. விஜயதசமி காலையில், பூஜைக்கு வைக்காத என் கைப்பையிலிருந்து மீட்டரை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்படியே ஓட்டினால் எரிந்துவிடும். மோட்டாரின் இணைப்புப் பெட்டியைத் திறந்து, ஈரத்தைத் துடைத்து, சூடு காட்டிக் காயவைக்க வேண்டும். "பூட்டை வாங்கி மாட்டிட்டு வேலையை ஆரம்பி" என்று சொல்லி அதே பையைச் செல்வத்திடம் கொடுத்தேன். மற்ற மோட்டார்களைப் பார்க்கப் பாய்லர் பக்கம் போனேன். நான் சுற்றி முடித்து வந்து சொன்ன பிறகுதான் பட்டன் என்பது எல்லாருக்கும் தெரியும். மேனேஜரிடமும் காலையில் மறுபடி சொல்லியிருந்தேன்.

ஆனால் முதலாளியும் அவர் மனைவியும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். நல்ல நேரம் முடியப் போகிறது, அப்புறம் ராகு காலம் என்று அவசரம். மறுபூஜை முடிந்த கையோடு மேனேஜர் அவர்களைப் பேனல் அறைக்குக் கூட்டிப்போய், எல்லாப் பிரேக்கரையும் தன் கையாலேயே தூக்கிவிட்டார். அந்த அம்மா ஒவ்வொரு பச்சைப் பட்டனாகக் குங்குமம் வைத்து அழுத்தினார்.

பாய்லர் பக்கம் இருந்த எனக்கு மோட்டார்கள் ஒவ்வொன்றாக உறுமுவது கேட்டது. ஓடினேன். என் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. பேனல் அறைக்குப் போய் மெயினை அடித்து இறக்கிவிட்டு எலிவேட்டர் பள்ளத்துக்குப் போனேன். செல்வம் மோட்டாரின் மேல் குப்புறக் கிடந்தான். இழுத்துப் போட்டு நெஞ்சை அழுத்தினேன். வாயோடு வாய் வைத்து ஊதினேன். வண்டியில் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழி முழுக்க அழுத்திக்கொண்டே போனேன். அய்யம்பேட்டை தாண்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கையை எடுக்க மனம் வரவில்லை.

வண்டியில் என்னோடு வந்த பாய்லர்காரர் கலியபெருமாள் அழுதுகொண்டே சொன்னார்: "பூட்டு கேட்டாம்ப்பா. என் கண்ணு முன்னாடி கேட்டான். மேனேஜர்தான் குடுக்கல. மறுபூஜைக்கு முன்னாடி ஆயுதத்தைத் தொடக்கூடாதுன்னுட்டாரு. ஆஃப்லதான் இருக்கு, யாரு வந்து போடப்போறா, போயி பாருன்னாரு."

யாரு வந்து போடப்போறா! சொன்ன ஆளே வந்து போட்டான். நான் திரும்பி வந்தபோது பூட்டுகள் சந்தனப் பொட்டோடு சாமி படத்துக்கு முன்னால்தான் இருந்தன. பக்கத்தில் பொரி தட்டு. அப்படியே தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது.

சாமி மேல் எனக்குக் கோபம் இல்லை. பூட்டை எந்தச் சாமியும் கேட்கவில்லை. கேட்டது ஒரு மனிதன், கொடுத்திருக்க வேண்டியவனும் மனிதன்.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். நடந்ததை நான் ஒன்று விடாமல் சொன்னேன். "நேரில் பார்த்தவர் யார்?" என்றார். கலியபெருமாளைக் காட்டினேன். அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நான் பாக்கலீங்க" என்றார். வேலை போய்விடும் என்ற பயம் பாதி. பூஜையால் ஒருவன் செத்தான் என்று சொன்னால் பாவம் வந்து சேரும் என்ற பயம் மீதி. ஊழியர் பூட்டாமல் வேலை செய்தார், கவனக்குறைவு என்று முடித்தார்கள். மலர்க்கொடியிடம் நான் போய்ச் சொன்னதும் எடுபடவில்லை. எனக்கும் தனக்கும் பகை, அதனால் இல்லாததைச் சொல்கிறேன் என்று மேனேஜர் முந்திக்கொண்டு சொல்லி வைத்திருந்தார். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவள் யாரை நம்புவாள்? கலியபெருமாளும் இப்போது இல்லை.

கூட்டத்துக்குப் போனேன். களத்துப் பந்தலில் நாற்காலி போட்டிருந்தார்கள். முதலாளி, மேனேஜர், மூட்டை தூக்குகிறவர்கள், சாக்குத் தைக்கிற பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். எனக்குச் சால்வை போர்த்த வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மைக்கை வாங்கினேன்.

கட்டைவிரலில் ஆரம்பித்தேன். எர்த் குழியைச் சொன்னேன். ஷாஜகான் பாயைச் சொன்னேன். பிறகு ஷெட் வழியில் பந்தலுக்கு எதிரே தெரிந்த பேனரைக் காட்டி, "இவன் கவனக்குறைவால சாகல. பூட்டு கேட்டான். பூட்டு பூஜையில இருந்துச்சு. குடுக்க மாட்டேன்னு சொன்னவரு இந்தா இங்கதான் உக்காந்திருக்காரு" என்றேன்.

முதலாளி மைக்கை அணைக்கச் சொல்லிக் கை காட்டினார். மேனேஜர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஓய்வு வாங்கியும் உங்களுக்கு என்மேல கோபம் தீரலியா? என்னவோ நான் கொலை பண்ணிட்ட மாதிரி பேசுறீங்க?"

"பூட்டைக் குடுத்திருந்தா அவன் இருந்திருப்பானா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"மறுபூஜைக்கு முன்னாடி ஆயுதத்தைத் தொடக்கூடாதுன்னு சொன்னேன். ஊரு உலகத்துல எல்லாரும் சொல்றதுதான். அது ஒரு தப்பா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து மலர்க்கொடி எழுந்தாள். சாக்கு ஊசி இன்னும் அவள் கையில் இருந்தது.

"அப்ப அவரு பூட்டு கேட்டாரா சார்?"

மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்தார்.

"உங்களத்தான் சார் கேக்குறேன். கேட்டாரா?"

"கேட்டாம்மா" என்றேன் நான். அவள் என் பக்கம் திரும்பவில்லை. அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்று நின்றாள். கடைசியில் அவர் தலை ஒருமுறை ஆடியது.

"ஒவ்வொரு நாளும் அந்த மனுஷனத் திட்டிருக்கேன்" என்றாள் அவள். அழவில்லை. "பொண்டாட்டி புள்ளய நெனைக்காம இப்படி அசட்டையா வேல பாத்துட்டுப் போயிட்டியேன்னு, படத்துக்கு வெளக்கேத்துறப்ப எல்லாம் திட்டிருக்கேன். புள்ளைங்களுக்கும் அப்படித்தான் சொல்லி வளத்தேன். உங்கப்பா மாதிரி அசட்டையா இருக்காதீங்கன்னு."

யாரோ அவளை உட்கார வைக்கத் தோளைத் தொட்டார்கள். உதறிவிட்டு நேராகப் பேனருக்குப் போனாள். நான் கிழிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அதன் பக்கத்தில் நின்று மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"படம் இருக்கட்டும் சார். கீழ இருக்குற எழுத்த நீங்க வந்து கிழிங்க."

ரமேஷ் எழுந்து ஓடினான். அவனைக் கை காட்டி நிறுத்தினாள்.

"அவரு வரட்டும்."

மேனேஜர் வந்து கிழிக்கும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.